சாம்பல் புதன், அரை நாள் பள்ளி

பள்ளிக்கூடத்துக் கதவை எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள் என்று தெரிந்தும் தாட்சாயணி ஆறேகாலுக்கே வந்து வரிசையில் நின்றுவிட்டாள். அவளுக்கு முன்னால் பதினோரு பேர் நின்றார்கள். சேலையிலிருந்து பினாயில் வாசம் இன்னும் போகவில்லை. திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியில், மலைக்கு நடந்து ஏறுகிறவர்கள் தங்கிப் போகிற ஒரு சத்திரத்தில் அவள் கூட்டிக் கழுவுகிற வேலை பார்த்தாள். இரண்டு மாடியையும் விடிவதற்கு முன்பே கழுவி முடித்து, மீதியைக் கூட வேலை பார்க்கிற வெங்கடம்மா தலையில் கட்டிவிட்டு வந்திருந்தாள்.

பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு சுமித்ரா நின்றது. ஐந்தரை வயது. எண்ணெய் வைத்துப் படிய வாரி, பொங்கலுக்கு எடுத்த கவுனை மாட்டிக் கூட்டி வந்திருந்தாள். நின்றுகொண்டே தூங்கி விழுந்த பிள்ளையைத் தொடையில் சாய்த்துக்கொண்டு, கதவுக்கு மேலே இருந்த போர்டைப் பார்த்தாள். அவளால் அதை வாசிக்க முடியாது. தெலுங்கிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது.

இரண்டு மாதமாகப் பள்ளிக்கூடம் தேடி அலுத்துப் போனவள் அவள். சர்க்கார் பள்ளியில் இரண்டு வகுப்புக்கு ஒரே டீச்சர். நாலு மணிக்கு மணியடித்தால் பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிடும். கல்யாண மண்டபத்து மாடியில் கண்ணாடிக் கதவெல்லாம் போட்டுப் புதிதாகத் திறந்த பள்ளியில், அம்மா என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டார்கள். அதோடு அந்தப் படியை அவள் மிதிக்கவில்லை. இந்தப் பள்ளி சின்னது. ஓடு போட்ட நீளக் கட்டிடம், ஐந்தே வகுப்பு, பின்னால் ஒரு சர்ச். வீட்டில் ஆளில்லாத பிள்ளைகளை ஐந்தரை மணி வரைக்கும் தாழ்வாரத்தில் உட்காரவைத்து எழுத வைப்பார்கள் என்று வெங்கடம்மா சொல்லியிருந்தாள். தாட்சாயணியின் வேலை முடிகிற நேரம் ஐந்து. அவளுக்கு இதைவிட வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனால் அவள் புருஷன் ரங்கனுக்கு வேறு ஒரு காரணம் இருந்தது. பாலசமுத்திரத்துக்காரன் அவன். சித்தூர் ஜில்லாவில் பிறந்தாலும் எல்லைக்கு அந்தப் பக்கம் மாமன் வீட்டில் தங்கித் தமிழில் எட்டாவது வரை படித்தவன். தமிழ்ப் பேப்பர் கையில் கிடைத்தால் விளம்பரம்கூட விடமாட்டான். கரும்பு வெட்டும் கூலியும் போய், கிணறும் வற்றி, திருப்பதிக்கு சென்ட்ரிங் வேலைக்கு வந்த பிறகு அவன் படித்தது எதற்கும் உதவவில்லை. பஸ் போர்டு தெரியாது. ஆபீஸ் காகிதம் தெரியாது. ஒரு தடவை எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீசில் தமிழில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்து கிளார்க் சிரித்துவிட்டான். அன்றிலிருந்து ரங்கன் கைநாட்டுதான் வைக்கிறான். மகளாவது இந்த ஊர் எழுத்தைப் படிக்கட்டும் என்பது அவன் பிடிவாதம். இப்போது அவன் பெங்களூரில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனிக்கு எழும்புகிற கட்டிடத்தில் பலகை அடித்துக்கொண்டிருந்தான். மாதம் ஒரு தரம் வருவான்.

பெரிய சிஸ்டர் பெயர் அனுன்சியா. ஐம்பது வயதிருக்கும், வேலூர்ப் பக்கத்துக்காரர். தாட்சாயணி தெலுங்கில் திக்கித் திணறியதைக் கேட்டுவிட்டு, தமிழிலேயே பேசும்மா என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபாரத்தை சிஸ்டரே நிரப்பினார். மதம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. தாட்சாயணி இதைக் கேட்டே ஆகவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"உங்க சாமிக்கு மாத்திருவீங்களா சிஸ்டர்?"

சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "காலையில ஜெபம் சொல்லுவாங்க, உன் பிள்ளை கை கூப்பி நின்னா போதும். ஞானோபதேச வகுப்பு எங்க பிள்ளைங்களுக்கு மட்டும்தான். நீ கும்பிடுற சாமியை நீ கும்பிடு" என்று சொல்லிவிட்டு, இந்து என்று எழுதி, எழுதியதை வாசித்தும் காட்டினார்.

பிள்ளைக்கு இடம் கிடைத்தது. நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு சுமித்ரா போய்வர ஆரம்பித்தது. முதல் மாதம் அழுதது. இரண்டாம் மாதம் அம்மா போ என்று கையை உதறியது. ஐந்து மணிக்குக் குளித்து, ஓட்டமும் நடையுமாகப் போய், தாழ்வாரத்தில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் தன் பிள்ளையின் பின்மண்டையைத் தேடிக் கண்டுபிடிப்பதில் தாட்சாயணிக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. உடனே கூப்பிடமாட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

தீபாவளிக்கு வந்த ரங்கனை பஸ் ஸ்டாண்டில் நிறுத்திவைத்து, சுமித்ரா வரிசையாகப் போர்டு வாசித்தது. நைனா இது சித்தூர் போவுது, இது காளாஸ்திரி, இது காணிப்பாக்கம். ரங்கன் ஒவ்வொன்றையும் கண்டக்டரிடம் போய்ச் சரிபார்த்துவிட்டு வந்தான். எல்லாம் சரியாக இருந்தது. ஊருக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றான்.

பிப்ரவரி மாதம் ஒரு புதன்கிழமை, பள்ளி அரை நாள்தான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஏன் என்று தாட்சாயணி கேட்டுக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் என்றால் லீவு விட ஏதாவது இருக்கும். பன்னிரண்டு மணிக்கு ஓடினாள். சுமித்ரா கேட்டில் நின்றது. நெற்றியில் சாம்பல்.

"இன்னாடி இது?"

"ஃபாதர் வெச்சாரும்மா. எல்லாரும் லைன்ல போனாங்கோ. நானும் போயி தலைய நீட்னேன்."

நீட்டாமல் என்ன செய்யும்? ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் குருக்கள் தட்டோடு வரும்போது, தலையை முன்னால் நீட்டு, அசையாதே என்று மூன்று வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தது தாட்சாயணிதான். இங்கேயும் திருநீறு கொடுக்கிறார்கள் என்பது அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. மனதின் ஒரு மூலையில் இத்தனை மாதமாக இருந்த பயம் அன்று போய்விட்டது. எல்லாம் ஒரே சாமிதான் என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் கறுப்பாக இருந்தது, பட்டையாக இழுக்காமல் குறுக்கும் நெடுக்குமாக வைத்திருந்தார்கள். அது அவரவர் பழக்கம். மற்றவர் நெற்றியிலிருந்து பிரசாதம் எடுத்துக்கொள்கிற வழக்கப்படி, பிள்ளையின் நெற்றியில் விரலை ஒற்றித் தன் நெற்றியிலும் இட்டுக்கொண்டாள்.

பிள்ளையை விட இடமில்லை. சத்திரத்தின் பின்கட்டில் அவளுக்கும் வெங்கடம்மாவுக்கும் சேர்த்துக் கொடுத்திருந்த அறையைப் பூட்டி வெங்கடம்மா சாவியோடு கடைக்குப் போயிருந்தாள். குண்டூரிலிருந்து வந்த நாற்பது பேர் அன்று காலி செய்கிறார்கள். மாலைக்குள் பதினாறு அறை கழுவியாக வேண்டும். சுமித்ராவை மாடிப்படிக்குக் கீழே சிலேட்டோடு உட்காரவைத்துவிட்டு தாட்சாயணி வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள்.

குண்டூர்க் கூட்டத்தில் ஒரு வயதான அம்மாள், பெட்டியின் மேல் உட்கார்ந்து வண்டிக்காகக் காத்திருந்தார். பிள்ளை லட்சணமாக இருக்கிறதே என்று பேச்சுக் கொடுத்தார். நெற்றியில் இது யார் வைத்தது என்று தெலுங்கில் கேட்டார். சுமித்ரா எழுந்து நின்று, பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி முழு வாக்கியமாக, நல்ல தெலுங்கில், சர்ச்சில் ஃபாதர் வைத்தார் என்று சொன்னது. அதே நேரத்தில் தாட்சாயணி அழுக்குத் துணி மூட்டையோடு படியிறங்கி வந்தாள். அந்த அம்மாள் பிள்ளையின் நெற்றியைப் பார்த்தார், தாயின் நெற்றியைப் பார்த்தார். எழுந்து ஆபீஸ் அறைக்குள் போனார்.

சத்திரத்து மேனேஜர் புருஷோத்தமன் எல்லையோரத்தில் நகரி என்கிற ஊர்க்காரர். தறி வீட்டில் பிறந்தவர். நம்ம பாஷைக்காரி என்றுதான் ரங்கன் பெண்டாட்டிக்கு வேலையும் அறையும் வாங்கிக் கொடுத்தார். கெட்ட மனுஷன் இல்லை. அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டபோது உட்காரக்கூடச் சொன்னார், அவள்தான் உட்காரவில்லை. மேஜையில் ஒரு காகிதம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது அவள் கைநாட்டு வைத்துக் கொடுத்தது. இந்துக்கள் மட்டுமே இங்கே வேலை செய்யலாம், மதம் மாறினால் உடனே வெளியேற வேண்டும் என்று அதில் இருக்கிறது என்று அவர் சொன்னார். அப்போது அதை அவளுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை.

"சாமி சத்தியமா நான் மாறல சார். துன்னூறுன்னு நெனச்சு வெச்சிக்கினேன்."

நான் நம்புகிறேன் என்றார் புருஷோத்தமன். ஆனால் வந்த அம்மாள் சத்திரக் கமிட்டிச் சேர்மனுக்கு வேண்டியவராம். மலையடிவாரத்தில், சாமி சத்திரத்தில் சிலுவை போட்டுக்கொண்டு ஒருத்தி அறை கழுவுகிறாள் என்று போனில் சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது. அதற்குள் ஏதாவது ருசு கொண்டுவா என்று அனுப்பினார்.

மறுநாள் காலை சிஸ்டர் அனுன்சியா விஷயத்தைக் கேட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். நேற்று சாம்பல் புதன், எங்களுக்கு நோன்பு தொடங்குகிற நாள் என்றார். கத்தோலிக்கப் பிள்ளைகளை மட்டும்தான் கோவிலுக்கு அழைத்துப் போனோம், வரிசையில் இது எப்படிப் புகுந்தது என்று யாரும் கவனிக்கவில்லை, தப்பு எங்களுடையது என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு மேஜையை இழுத்து, இந்தப் பிள்ளை இந்து, ஞானஸ்நானம் பெறவில்லை, குடும்பமும் இந்துக் குடும்பம் என்று தெலுங்கில் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்துக் கொடுத்தார். தாட்சாயணி அதை முந்தானையில் மடித்து வைத்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் அவளுக்குத் தைரியமாக இருந்தது.

புருஷோத்தமன் கடிதத்தைப் பிரித்தார். வாசிக்கவில்லை. மேலே அச்சடித்திருந்ததில் விரலை வைத்தார்.

"சிலுவை போட்ட காயிதத்துல எழுதிக்கினு வந்து, சிலுவைக்காரி இல்லைன்றியேம்மா. இத நான் கமிட்டி முன்னால வெக்கறதா?"

ஒரே வழிதான் இருக்கிறது என்றார். பிள்ளையை அங்கிருந்து எடுத்துவிடு. டி.சி.யைக் கொண்டுவந்து காட்டினால் அதைவிட ருசு வேண்டாம், நான் பேசிக்கொள்கிறேன். இல்லையென்றால் வேலையோடு அறையும் போகும்.

பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்தான் சார், அதுவரைக்கும் என்று அவள் கேட்டாள். வெள்ளிக்கிழமை என்றார் அவர்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் பெங்களூர் மேஸ்திரியின் செல்லுக்குப் போட்டாள். மேஸ்திரி திட்டிக்கொண்டே ரங்கனைக் கூப்பிட்டான். பின்னால் மிஷின் ஓடுகிற சத்தத்தில் அவள் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ரங்கனுக்குக் கோபம் வந்தது. சத்திரத்துக்காரர்களைத் திட்டினான். பிறகு குரல் இறங்கியது.

"வேலய உட்டுட்டு இங்க வந்துடு. தகர ஷெட்டுதான். நாலு குடும்பம் கீது, நாமளும் இருந்துக்கலாம்."

"அங்க பள்ளிக்கூடம் கீதா மாமா?"

மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.

"இங்க இருக்கிற பசங்க ஜல்லிமேல வெளயாடிக்கினு கீதுங்க" என்றான் கடைசியில்.

"பள்ளிக்கூடத்துக்கோசரம்தான் வேலைக்கே போறேன். வேலை வேணும்னா பள்ளிக்கூடத்த உடுன்றாங்க. நான் எதப் புடிச்சிக்கினு நிக்கறது?" என்று அவள் கேட்டாள். அவள் அழுதது அவனுக்குக் கேட்டிருக்காது. பேசி முடிப்பதற்குள் லைன் போய்விட்டது.

வாடகைக்கு ஒரு அறை கிடைக்குமா என்று அன்று மாலை வெங்கடம்மாவும் அவளும் மூன்று தெரு அலைந்தார்கள். மலைக்கு வருகிற கூட்டத்துக்கு ஒரு நாள் வாடகைக்கு விட்டாலே கொட்டுகிற இடம் அது. மாத வாடகைக்குக் கேட்டவளை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்துச் சத்திரத்தில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனால், அங்கே வாட்ச்மேனுக்கே விஷயம் தெரிந்திருந்தது. நீதானா அது என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் தாட்சாயணி டி.சி. கேட்டு சிஸ்டர் முன்னால் நின்றாள். பள்ளி நடத்துகிறவருக்கு இதைத் தடுக்க அதிகாரம் இல்லை. பெரிய ரிஜிஸ்டரை எடுத்தார். விலகுவதற்கான காரணம் என்ற கட்டத்தில் எழுதிவிட்டு, முன்போலவே வாசித்துக் காட்டினார்.

"பெற்றோர் வேண்டுகோளின்படி."

"நானா சிஸ்டர் வேண்டிக்கினேன்?"

"நிஜத்தை எழுதினா அந்தக் காகிதத்தை எந்தப் பள்ளியிலயும் வாங்கமாட்டாங்கம்மா" என்றார் சிஸ்டர். பிள்ளையின் நோட்டுகளையும் அவரே போய் எடுத்துவந்து கொடுத்தார். வகுப்பு வாசலில் சுமித்ரா செருப்பை மாட்ட மறுத்துத் தரையில் உட்கார்ந்துகொண்டது. அவள் தூக்கிக்கொண்டு வந்தாள். தெருமுனை வரைக்கும் அது கத்தியது. பிறகு கத்தவில்லை, நான் இன்னா தப்பு பண்ணேன் என்று மட்டும் கேட்டது. தாட்சாயணியால் அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

கமிட்டி கூடியது. டி.சி.யைப் புருஷோத்தமன் எல்லோருக்கும் காட்டினார். வேலை தப்பியது.

சுமித்ரா சர்க்கார் பள்ளிக்குப் போக ஆரம்பித்தது. நாலு மணிக்கு அங்கிருந்து தானே நடந்து வந்து, பின்கட்டு அறைக்குள் போய் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அம்மா குரல் கேட்கும் வரை திறக்கக்கூடாது என்று பழக்கியிருந்தாள். அடுத்த தடவை வந்த ரங்கன் பஸ் ஸ்டாண்டுக்கு மகளைக் கூட்டிப் போனான். அது ஒரு போர்டையும் வாசிக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

மார்ச் மாதம் ஒருநாள் புருஷோத்தமன் கூப்பிட்டனுப்பினார். முகம் மலர்ந்திருந்தது. சேர்மன் வீட்டில் பேத்திக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகிற ஆள் நின்றுவிட்டாளாம். நம்பிக்கையான பொம்பிளையாகக் கேட்டார், உன் பேரைத்தான் சொன்னேன், வெயிலில் மாடி கழுவுவதைவிட இது லேசான வேலை என்றார். நம்மால் ஒருத்திக்கு நல்லது நடந்ததே என்ற திருப்தி அவர் பேச்சில் இருந்தது. அவள் சரி சார் என்றாள்.

மறுநாள் பதினொன்றரைக்கு சேர்மன் வீட்டுச் சமையல்காரம்மா நாலடுக்குக் கேரியரும் வெள்ளித் தம்ளரும் கொடுத்து, வீட்டுக் காரிலேயே ஏற்றி அனுப்பினாள். ஊருக்குள் பெரிய கான்வென்ட். கேட்டிலிருந்து கட்டிடம் வரைக்கும் இரண்டு பக்கமும் பூச்செடி. நடுவில் மாதா சொரூபம் ஆள் உயரத்துக்கு நின்றது. சாப்பாட்டு ஷெட்டில் நீள நீளமான பெஞ்சு. ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் கேரியரோடு ஒரு பொம்பிளை. டிரைவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, சேர்மன் பேத்தியைக் காட்டினான். சுமித்ரா வயதுதான். கழுத்தில் வெங்கடாசலபதி டாலர், நெற்றியில் வீட்டில் இட்டுவிட்ட சிவப்புச் சூரண நாமக் கோடு வியர்வையில் லேசாகக் கரைந்திருந்தது.

தாட்சாயணி கையைக் கழுவிவிட்டு வந்து, நெய் விட்டுப் பருப்புச் சாதம் பிசைந்தாள். பிள்ளைக்குச் சுடாமல் இருக்க உருட்டி ஊதி, வாய்க்கு அருகே கொண்டுபோனாள்.

"ஆகு" என்று தெலுங்கில் இருக்கச் சொல்லி அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியது குழந்தை. ஒரு மணி அடித்தது. ஷெட்டில் இருந்த அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். மேடையில் நின்ற டீச்சர், உட்கார்ந்திருந்த தாட்சாயணியைப் பார்த்து, நீயும் எழு என்று கையைக் காட்டினாள். அவள் சோற்று உருண்டையோடு எழுந்து நின்றாள். பிள்ளைகள் சேர்ந்து இங்கிலீஷில் ஜெபம் சொன்னார்கள். சேர்மன் பேத்தி கண்ணை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் சொன்னது. முடித்ததும் நெற்றியைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டு, இரண்டு தோளையும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டது.

பிறகு உட்கார்ந்து, வாயைத் திறந்து காத்திருந்தது.